கொட்டகை, பட்டறை எல்இடி விளக்குகள்: கேள்வி பதில்

தொழிற்கூடங்களிலும் பண்ணைகளிலும் விளக்கு பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அதற்குள் அடங்கும் எதையும் கேட்கலாம். எந்த நிறுவனத்து விளக்கு நல்லது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வராது.

கேள்வி: 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் தச்சுப் பட்டறை. எத்தனை வாட் எல்இடி போட வேண்டும்?

பதில்: வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் கணக்கு. வெளிச்சத்தின் கணக்கு லூமெனில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். பொதுவான பட்டறை வேலைக்கு 300 லக்ஸ் போதும். கோடு போட்டு அறுக்கும் மேசைக்கு 500, நுணுக்கமான வேலைக்கு 750.

உங்கள் இடம் 40 சதுர மீட்டர். 300-ஆல் பெருக்கினால் 12,000 லூமென். அத்துடன் நிறுத்திக்கொண்டால் பட்டறை மங்கலாகத்தான் இருக்கும். சுவரும் கூரையும் ஒரு பங்கை விழுங்கும், விளக்கின் மேல் மரத்தூள் படியும், நாளடைவில் ஒளியும் குறையும். பாதிதான் மேசைக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொண்டு 24,000 லூமெனுக்கு வாங்குங்கள். வாட்டுக்கு 120 லூமென் தரும் விளக்கானால் மொத்தம் 200 வாட். அதாவது 20 வாட் குழல் விளக்கு பத்து. அதே 20 வாட் என்று அட்டையில் அச்சிட்டு, வாட்டுக்கு 80 லூமெனே தருபவையும் விற்பனையில் உண்டு. அவற்றை வாங்கினால் பதினைந்து மாட்ட வேண்டும். மின்செலவும் ஒன்றரை மடங்கு. சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடித்துவிட்டு விளக்கு வாங்கப் போவது நல்லது.

கேள்வி: மாட்டுத் தொழுவத்தில் ஐபி 65 என்று போட்ட விளக்குகளைத்தான் மாட்டினோம். ஓராண்டுக்குள் பாதி அணைந்துவிட்டன. சிலவற்றின் உள்ளே தண்ணீர் நிற்கிறது, ஐயா.

பதில்: ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசு புகாது. 5 என்றால் குழாயால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஆனால் இது விளக்கு ஆலையை விட்டு வெளிவரும்போது உள்ள நிலை. உங்கள் கொட்டகையில் யாரோ அதில் வயரை நுழைத்திருப்பார்கள் அல்லவா? அணைந்ததில் ஒன்றைக் கழற்றி அந்தத் துளையைப் பாருங்கள். நான் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு காட்சிகள். ஒன்றில் கேபிள் கிளாண்டே, அதாவது துளையில் கேபிளை இறுக்கிப் பிடித்து அடைக்கும் திருகு மூடியே, இருக்காது. வயர் மீது கறுப்பு டேப்பைச் சுற்றித் துளையில் திணித்திருப்பார்கள். இன்னொன்றில் கிளாண்ட் இருக்கும், ஆனால் அதனுள் இரண்டு மெல்லிய தனி வயர்கள் போகும். கிளாண்டின் ரப்பர் வளையம் வட்டமான கேபிளை மட்டுமே இறுகப் பிடிக்கும். இரண்டு வயர்களுக்கு நடுவே ஊசி நுழையும் சந்து இருந்தாலும் போதும். விளக்கு அணைந்து ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். கழுவிவிட்ட தொழுவத்தின் ஈரம் அதோடு உள்ளே போகும்.

எனவே கேபிளின் தடிமனுக்கு ஏற்ற கிளாண்ட், வட்டமான உறையுள்ள கேபிள், நுழைவதற்கு முன் கீழே இறங்கி ஏறும் ஒரு வளைவு. கேபிள் மேல் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

தொழுவத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா பாலிகார்பனேட் மூடியை அரிக்கும். மங்கலாகி, மயிரிழை வெடிப்பு விடும். அக்ரிலிக் மூடி அம்மோனியாவைத் தாங்கும், ஆனால் மாடு கொம்பால் இடித்தால் உடையும். கொம்புக்கு எட்டாத உயரத்தில் அக்ரிலிக் மாட்டுவது என் வழக்கம்.

கேள்வி: வெளிச்சம் இருந்தால் பால் கூடும் என்கிறார்களே. இரவு முழுவதும் எரிய விடலாமா?

பதில்: வேண்டாம். கறவை மாட்டுக்கு 16 மணி நேரம், அதன் கண் மட்டத்தில் 150 முதல் 200 லக்ஸ். பிறகு 6 முதல் 8 மணி நேரம் இருட்டு கட்டாயம். இருட்டில் சுரக்கும் மெலட்டோனின்தான் மாட்டுக்கு நாளின் நீளத்தைச் சொல்கிறது. பால் வற்றிய சினை மாட்டுக்குக் கணக்கு தலைகீழ்: 8 மணி நேர வெளிச்சம், மீதி இருட்டு. இரண்டையும் ஒரே சுவிட்சில் வைக்காதீர்கள். இரவில் பார்வையிட மங்கலான சிவப்பு விளக்கு போதும். சிவப்பை மாட்டின் கண் அதிகம் உணராது.

கேள்வி: கோழிக் கொட்டகைக்கு எத்தனை மணி நேரம்?

பதில்: கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். விளக்கு துடிக்காமல் எரிய வேண்டும் என்பது மட்டும் என் துறை. மனிதரைவிடக் கோழிக்கு அந்தத் துடிப்பு நன்றாகத் தெரியும்.

கேள்வி: 12-க்கு 6 மீட்டர் கொட்டகை. எத்தனை வாட்?

பதில்: முதல் கேள்வியின் பதிலில் எண்களை மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மலிவு எல்இடி மாட்டினால், வேலைப்பொருளைத் தாடைகளால் பிடித்துச் சுழலும் சக் நிற்பதுபோலத் தெரியும் என்று பயமுறுத்துகிறார்கள். விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பது மனிதக் கண்ணுக்குத் தெரியவே தெரியாதே?

பதில்: விளக்கை நேராகப் பார்த்தால் தெரியாதுதான். சுழலும் பொருளைப் பார்க்கும்போது தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், மின்தேக்கியில் மிச்சம் பிடித்த டிரைவர் (எல்இடிக்கு மின்னோட்டம் தரும் சுற்று) நொடிக்கு 100 முறை ஒளியைக் கூட்டிக் குறைக்கும். நான்கு தாடை சக் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சரியாகக் கால் சுற்று. ஒரு தாடை நின்ற இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும். நான்கும் அசையாமல் நிற்பதாகவே கண் சொல்லும். வேகம் சற்றுக் குறைந்தால் மெல்லப் பின்னோக்கி ஊர்வதுபோல் இருக்கும். மூன்று தாடைக்கு இதே கதை 2000 சுற்றில். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துடிப்பு 120. நான்கு தாடை 1800-இல் நிற்கும்.

கேள்வி (அவரே): காலங்காலமாக டியூப் லைட்டின் கீழ்தான் லேத் ஓட்டினோம். அதுவும் 100 முறைதானே துடித்தது? யார் கையும் போகவில்லையே?

பதில்: துடித்தது. அதனால்தான் அன்றும் இரட்டைக் குழலில் ஒன்றுக்கு மின்தேக்கி சேர்த்துத் துடிப்பை முன்பின்னாக்கினார்கள், மும்முனை மின்சாரத்தில் வரிசை மாற்றி விளக்குகளைப் பிரித்தார்கள், லேத்தின் தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பும் தொங்கவிட்டார்கள். குண்டு பல்பின் இழை அவ்வளவு சீக்கிரம் ஆறாது. டியூபின் பாஸ்பர் பூச்சும் சற்று நேரம் ஒளியைப் பிடித்து வைக்கும். வெள்ளை எல்இடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லும் அதன் மேல் மஞ்சள் பாஸ்பரும். அந்தப் பாஸ்பர் ஒரு நொடியின் கோடியில் சில பங்கு நேரத்தில் அணைந்துவிடும். டிரைவர் மின்னோட்டத்தை விட்டால் ஒளியும் விட்டது. இடையில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.

கேள்வி (வேறொருவர்): என் போன் கேமராவில் எல்லா எல்இடியிலும் கறுப்புக் கோடு ஓடுகிறது. அத்தனையும் மோசமா?

பதில்: போனை நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம், ஆபத்தில்லாத அளவு வேகமாகத் துடிக்கும் விளக்கிலும் சில கேமராக்கள் கோடு காட்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சோதிக்கும் விளக்கின் கீழ் ஒரு மெல்லிய வெள்ளைக் குச்சியை வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கல் பட்டையாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் அந்த விளக்கை நடைபாதையில் மாட்டுங்கள், இயந்திரத்தின் மேல் வேண்டாம்.

கேள்வி (லேத்காரர்): குச்சி தனித்தனியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் சத்தம் கேட்குமே, ஓடுகிறது என்று தெரியாதா?

பதில்: பக்கத்தில் இன்னும் இரண்டு இயந்திரங்கள் ஓடும்போது எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று காதால் பிரித்துவிடுவீர்களா? புதிதாகச் சேர்ந்த பையன் பிரிப்பானா? விளக்கை எல்லாம் மாற்ற மனமில்லை என்றால், லேத்துக்கு மட்டும் சீரான 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் எரியும் இயந்திர விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். இதற்கு மேல் இந்த வாதத்தை நான் நீட்டப் போவதில்லை.

கேள்வி: 50,000 மணி நேரம் என்று அட்டையில் இருக்கிறது. உண்மையா?

பதில்: சில்லைப் பற்றிய கணக்கு அது, பெரும்பாலும் ஒளி 70 விழுக்காட்டுக்கு இறங்கும் வரையுள்ள நேரம். முதலில் சாவது டிரைவர். அதிலுள்ள எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கூரையோடு ஒட்டி மாட்டாமல் ஒரு முழம் கீழே தொங்கவிடுங்கள். டிரைவரைத் தனியாக மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: 6500 கெல்வினா, 4000-ஆ?

பதில்: கெல்வின் இங்கே ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், கூடக் கூட நீலம். பட்டறைக்கு 4000 முதல் 5000. 6500-இல் லூமென் சற்றுக் கூடும். கண் கூச்சமும் நீலமும் கூடும். பூச்சு வேலை செய்பவர்கள், நிறத்தை உள்ளபடி காட்டுவதை அளக்கும் நிறக் குறியீடு (சிஆர்ஐ) 90-க்கு மேல் இருப்பதைப் பாருங்கள்.

கேள்வி: பழைய டியூப் பட்டியில் எல்இடி குழலை அப்படியே மாட்டலாமா?

பதில்: குழலோடு வந்த தாளைப் படியுங்கள். சில வகைக்கு ஸ்டார்ட்டரை மட்டும் மாற்ற வேண்டும்; சில வகைக்குச் சோக்கை நீக்கி நேரடி மின்சாரம் தர வேண்டும். இரு முனையிலும் மின்சாரம் பெறும் வகையில், ஒரு முனையை மாட்டும்போது மறுமுனை ஊசியில் கை பட்டால் அடிக்கும். சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணையுங்கள். பின்னாளில் யாராவது பழைய குழலை அதில் மாட்டிவிடாதபடி பட்டியிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது.

பதில்: சுவிட்ச் நியூட்ரலை அறுக்கிறது, அல்லது சுவிட்சுக்குள் சிறு காட்டி விளக்கு இருக்கிறது. முதலாவதானால் உடனே எலெக்ட்ரீஷியனை வரவழையுங்கள். அணைத்த விளக்கிலும் பேஸ், அதாவது கை பட்டால் அடிக்கும் மின்சாரம், நிற்கிறது.

கேள்வி: டிராக்டர் கொட்டகைக்கு எத்தனை வாட் வேண்டும்?

பதில்: மறுபடியும் கணக்குப் போட மாட்டேன், முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: தொழுவத்துக்கு ஐபி 65 வாங்கிவிட்டேன், இனிக் கவலையில்லைதானே?

பதில்: கிளாண்ட் வாங்கினீர்களா?

கேள்வி: பெயின்ட் தெளிக்கும் அறைக்கும் அதே ஐபி 65 விளக்கு போதுமா?

பதில்: போதாது. ஐபி எண் தூசையும் நீரையும் பற்றியது. கரைப்பான் ஆவி தீப்பிடிப்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்த அறைக்குள் வெடிப்புக் காப்புச் சான்று பெற்ற விளக்கு மட்டுமே வரலாம். இல்லையென்றால் விளக்கை அறைக்கு வெளியே வைத்து, ஆவி கசியாதபடி அடைத்த கண்ணாடி வழியாக ஒளியை உள்ளே விடுங்கள். சுவிட்சும் வெளியேதான்.