மலம் போகவில்லையா? மிஸ்ஸியிடம் கேளுங்கள்

சிங்கப்பூரில் 32 வருஷம் தாதி (நர்ஸ்) வேலை, அதில் கடைசி 11 வருஷம் முதியோர் இல்லத்தில். எங்களை இங்கே 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிஃப்ட் மாறும்போது அங்கே நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே 'யாருக்கெல்லாம் மூன்று நாளாகப் போகலை' என்பதுதான். அதனால் என்னிடம் கூச்சப்பட வேண்டாம். 'அந்த விஷயம்' என்று சுற்றி வளைக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயசுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, இவற்றுக்கு டாக்டரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாக அவர்கள் இருக்கும் வட்டாரத்தைப் போட்டிருக்கிறேன்.

ஈசூன், 41: எனக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் போகும். சிரமம் எதுவும் இல்லை. ஆனால் தினமும் போகாவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறும் என்று அம்மா பயமுறுத்துகிறார்.

மிஸ்ஸி: அம்மாவுக்கு என் வணக்கம். விஷம் ஏறாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு, வாரத்துக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு. இரண்டும் இயல்புதான். எண்ணுவதை விட்டுவிட்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள். 1997ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் ஏழு வகையாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். ஆட்டுப் புழுக்கை மாதிரி வந்தால் 1, கட்டிகட்டியாய் ஒட்டிக்கொண்டு வந்தால் 2. இவை இரண்டும் சிக்கல். 3ம் 4ம் நல்லது, 7 வெறும் தண்ணீர். முக்காமல் முனகாமல் 4 வருகிறதென்றால் உங்களுக்கு என்னிடம் வேலை இல்லை.

துவாஸ் தொழிலாளர் தங்குவிடுதி, 29: அக்கா, காலை 5 மணிக்கு லாரி. பாத்ரூம்ல கியூ நிக்கும், அடக்கிக்கிட்டு ஏறிடுவேன். சைட்டுல டாய்லெட் நாறும், மறுபடி அடக்குவேன். இப்ப நாலு நாளைக்கு ஒரு தடவை கல்லு மாதிரி போகுது. கடையில மஞ்சள் மாத்திரை வாங்கிப் போட்டா வயித்தை முறுக்கி எடுக்குது.

மிஸ்ஸி: தம்பி, உங்கள் குடல் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு நேரம்தான் கிடைக்கவில்லை. பெருங்குடலின் வேலை தண்ணீரை உறிஞ்சுவது. மலம் அங்கே எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு காயும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தள்ள ஆரம்பிக்கும், காலையில் முதல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தள்ளல் நல்ல பலமாக வரும். அந்த நேரத்தில் நீங்கள் லாரியில் குலுங்கிக்கொண்டு போகிறீர்கள். வருகிறபோதெல்லாம் அடக்கினால் நாளடைவில் உணர்வே மங்கிப்போகும்.

காலையை மாற்ற முடியாது, இரவை மாற்றலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் தள்ளல் வரும். சாப்பிட்டு 20 நிமிஷம் கழித்து, கியூ இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரம், 10 நிமிஷம். போனை வெளியே வைத்துவிடுங்கள். குந்துகிற டாய்லெட் கிடைத்தால் அதற்கே போங்கள். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை வளையம் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும், குந்தினால்தான் அது நன்றாகத் தளரும். உட்காரும் டாய்லெட் என்றால் கால்களுக்கு அடியில் ஒரு குட்டி முக்காலி போட்டு முட்டியை இடுப்புக்கு மேலே கொண்டுவாருங்கள். எங்கள் இல்லத்தில் பாதிப் பேருக்கு மருந்தைக் குறைத்தது இந்த முக்காலிதான்.

அடுத்தது தண்ணீர். சிறுநீர் அடர் மஞ்சளுக்கு வந்துவிட்டால் நீங்கள் குடிப்பது போதவில்லை. சாப்பாடு? ஒரு கப் வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது, ஒரு நாளைக்கு வேண்டியதோ சுமார் 25 கிராம். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 7 கிராமுக்கு மேல், கொய்யா 100 கிராமில் 5 கிராம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைப் பக்கம் போகும்போது இரண்டையும் வாங்கி வையுங்கள். ஒரே நாளில் அள்ளிப் போடாதீர்கள், வயிறு ஊதும்.

மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் பிஸகோடைலாக இருக்கும். அது குடலைக் குத்தித் தள்ளும், அதனால்தான் முறுக்கு. எப்போதாவது போடலாம். வாரக்கணக்கில் தேவைப்பட்டால் மருந்தகத்தில் லாக்டுலோஸ் கேளுங்கள், அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வேலை செய்யும். அதற்குள் 'கேட்கலை' என்று இரட்டிப்பாகக் குடித்துவிடாதீர்கள்.

உட்லண்ட்ஸ், ஏழு மாதக் கர்ப்பம்: இரும்புச் சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்து ரொம்ப இறுகிவிட்டது. மாமியார் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார்.

மிஸ்ஸி: விளக்கெண்ணெய் இப்போது வேண்டவே வேண்டாம், கர்ப்பப்பையையும் கிளறிவிடும். கர்ப்பத்தில் ஹார்மோனால் குடல் மந்தமாகும், இரும்பு அதற்கு மேல் பூட்டுப் போடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேறு வகை தர முடியுமா, லாக்டுலோஸ் சேர்க்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இசப்கோல் என்ற நார்ப்பொடியும் எடுக்கலாம், ஆனால் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு மட்டும்.

செங்காங், 36: எனக்கு வாரத்துக்கு மூன்று தடவைதான். இது நார்மலா?

மிஸ்ஸி: முதல் பதிலைப் பாருங்கள்.

ஆங் மோ கியோ, 55: தினமும் ராத்திரி இரண்டு வாழைப்பழம் சாப்பிடுகிறேன். முன்னைவிட இறுக்கமாகத்தான் போகிறது.

மிஸ்ஸி: என்ன பழம்? சூப்பர்மார்க்கெட்டில் காம்பு பச்சையாக இருக்குமே, அதுவா?

ஆங் மோ கியோ, 55: அதேதான். கெட்டியாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும்.

மிஸ்ஸி: அங்கேதான் தப்பு. காய்ப் பதத்தில், தண்ணீர் போக மீதியில் முக்கால்வாசி மாவு. பழுக்கப் பழுக்கத்தான் மாவு சர்க்கரையாகும். தோலில் கறுப்புப் புள்ளி விழட்டும். இல்லையென்றால் பச்சைக் கிவி தினமும் இரண்டு சாப்பிட்டுப் பாருங்கள். மலச்சிக்கலுக்குப் பலன் தருகிறதா என்று முறையாகச் சோதித்துத் தேறிய பழம் அது.

பழக்கடை, தேக்கா: மிஸ்ஸி, வாழைப்பழத்தைக் குறை சொல்லாதீங்க. 26 வருஷமா விக்கிறேன். பூவன் சாப்பிட்டும் போகலைன்னு ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லை.

மிஸ்ஸி: திரும்பி வராதவர்கள் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்கள் அண்ணே.

பொங்கோல், 33: எனக்கு ஒரு குழப்பம். பிள்ளைக்குப் பேதி என்றால் வாழைப்பழம் கொடுக்கச் சொல்கிறார்கள். மலச்சிக்கல் என்றாலும் வாழைப்பழம் கொடுக்கச் சொல்கிறார்கள். அது கட்டுமா, இளக்குமா?

ஜூரோங், 70: எங்க காலத்துல சாப்பாடு முடிஞ்சதும் இலையில ஒரு பழம் வைப்பாங்க. யாருக்கும் மலச்சிக்கல்னு கேள்விப்பட்டதே இல்லை. இப்பத்தான் கிவி, கத்திரிக்காய்னு.

பழக்கடை, தேக்கா: ஐயா சொன்னாரே, அது!

பாய லேபார், 48: பூவனைவிட பிசாங் மாஸ் என்கிற மலாய் வாழைதான் எனக்கு ஒத்துக்கொள்கிறது. ரஸ்தாளி கட்டுகிறது.

மிஸ்ஸி: சரி, இதை முடித்துவிடுவோம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் நார்ச்சத்து சுமார் 3 கிராம்தான். பேதி மருந்து என்று அதற்குப் பட்டம் கட்ட முடியாது. காய்ப் பதத்தில் கட்டும், நன்கு பழுத்தால் கட்டாது. பொங்கோல் தங்கையின் கேள்விக்கு அதுதான் பதில். ஜூரோங் ஐயா, அந்தக் காலத்து இலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கீரைக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், பருப்பு, வாழைத்தண்டு. சாப்பிட்ட பிறகு பஸ்ஸா பிடித்தீர்கள்? நடந்தீர்கள். கீரையும் பருப்பும் நடையும் செய்த வேலைக்குப் பெயர் வாங்கிக்கொண்டது கடைசியாக வந்த பழம்! மலச்சிக்கல் அப்போதும் இருந்தது, வெளியே சொல்ல மாட்டார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வீடு விளக்கெண்ணெய்ப் போத்தல் எதற்கு?

பழக்கடை, தேக்கா: மலாய்க்காரங்க சொல்ற பிசாங் ராஸ்தாலியும் நம்ம ரஸ்தாளியும் ஒரே பேருதான் மிஸ்ஸி, கவனிச்சீங்களா?

மிஸ்ஸி: கவனித்தேன் அண்ணே. பின்னால் ஆள் காத்திருக்கிறார்கள்.

கிளமெண்டி, 27: இணையத்தில் வாங்கிய இரவுத் தேநீர் குடித்தால் மறுநாள் காலை சுத்தமாகப் போகிறது, இரண்டு கிலோவும் குறைந்தது. இப்போது குடிக்காவிட்டால் போவதே இல்லை.

மிஸ்ஸி: பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், சென்னா என்று இருக்கும். நம் ஊர் நிலாவரைதான், திருநெல்வேலிப் பக்கம் விளைந்து ஊர் பெயரோடேயே உலகச் சந்தைக்குப் போகிற சரக்கு. மாத்திரையாக வந்தால் அளவு தெரியும், தேநீரில் தெரியாது. குறைந்த இரண்டு கிலோ வெறும் தண்ணீர், கூடவே பொட்டாசியமும் போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எடை குறைக்கும் பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை பிடித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010லேயே சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. தேநீரை நிறுத்திவிட்டு ஒரு டாக்டரைப் பாருங்கள்.

பிடோக், 44: தினமும் போகணுமா மிஸ்ஸி?

மிஸ்ஸி: ஈசூன்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

சுவா சூ காங், 50: மூலம் வெளியே வந்திருக்கிறது, என்ன களிம்பு போடலாம்?

மிஸ்ஸி: பார்க்காமல் களிம்பு சொல்ல மாட்டேன். பலதுறை மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

தெம்பனிஸ், 52: அம்மாவுக்கு 81. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். ஒரு வாரமாகச் சரியாகப் போகவில்லை, மூன்று நாளாக டயப்பரில் தண்ணீர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. பேதியை நிறுத்துகிற லோபெரமைடு கொடுக்கலாமா?

மிஸ்ஸி: கொடுக்காதீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இது முக்கியம்.

மலம் கல்லாக அடைத்துக்கொண்டால், மேலே இருக்கும் தண்ணீர் மட்டும் அதன் பக்கவாட்டில் வழிந்து வரும். பார்த்தால் பேதி, உள்ளே அடைப்பு. பேதியை நிறுத்துகிற மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர், அமைதியானவர், ஒரு ராத்திரி கட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். அடிக்க வந்தார். மறதி நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். டயப்பரில் கசிவு இருந்ததால் குறிப்பேட்டில் தினமும் 'போனார்' என்று எழுதியிருந்தோம், நானும்தான். வயிற்றில் கை வைத்தேன், இடது பக்கம் மாவு உருண்டை மாதிரி வரிசையாகத் தட்டுப்பட்டது. எனிமா கொடுத்து வெளியேற்றிய பிறகு விடியும்வரை தூங்கினார். மறுநாள் காலை மைலோ கேட்டார்.

இன்றைக்கே டாக்டரையோ வீட்டுக்கு வரும் தாதியையோ கூப்பிடுங்கள். பணிப்பெண்ணிடம் சொல்லி விரலால் தோண்ட வைக்காதீர்கள், கிழிந்துவிடும். மருந்துப் பட்டியலையும் கையில் வைத்திருங்கள். வலிக்குக் கோடீன், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, சில பழைய அலர்ஜி மருந்துகள், இவையெல்லாம் கட்டும்.

புக்கிட் பாத்தோக், 39: இசப்கோல் பொடியை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன், தொண்டையில் பசை மாதிரி நின்றுவிட்டது.

மிஸ்ஸி: சொன்னேனா இல்லையா! ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர்! கலக்கி, உடனே குடித்து, மேலே இன்னும் ஒரு கிளாஸ். படுக்கப் போகும் நேரத்தில் கூடாது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் மேலே சொன்ன அம்மா மாதிரிப் படுக்கையில் இருப்பவர்களுக்கும் கொடுக்கவே கூடாது.

காலாங், 30: சிவப்பாகப் போகிறது, ஆனால் நேற்று டிராகன் பழம் சாப்பிட்டேன்.

மிஸ்ஸி: சிவப்புச் சதை என்றால் பெரும்பாலும் பழம்தான். இரண்டு நாள் அதைத் தொடாமல் இருங்கள், பிறகும் சிவந்தால் டாக்டர்.

சிராங்கூன், 35: நாலு வயசு மகன் காலை இறுக்கிக்கொண்டு, முகம் சிவந்து, திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்கிறான். முக்குகிறான், வரவில்லை.

மிஸ்ஸி: முக்கவில்லை, அடக்குகிறான். ஒரு நாள் வலித்திருக்கும், அந்தப் பயம். திட்டாதீர்கள். பால் எவ்வளவு குடிக்கிறான் என்று பாருங்கள், புட்டிக் கணக்கில் குடித்தால் சோறு இறங்காது. மலத்தை இளக்கும் மருந்தை டாக்டர் எழுதித் தருவார், சில மாதங்கள்கூடத் தேவைப்படும். ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு 'மறுபடி வந்துவிட்டது' என்று வராதீர்கள்.

பூன் லே, 61: வருஷத்துக்கு இரண்டு தடவை விளக்கெண்ணெய் குடித்துக் குடலைக் கழுவுவேன். தினமும் போகாவிட்டால்...

மிஸ்ஸி: குடல் சாக்கடை இல்லை ஐயா, கழுவ வேண்டாம். சர்க்கரை, சிறுநீரகம், ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கு ஒரே நாளில் தண்ணீர் வற்றி மயக்கம் வரும். 'தினமும்' என்று இன்னும் ஒருவர் கேட்டால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஹவ்காங், 58: புற்றுநோய்ச் சங்கம் கொடுத்த மலப் பரிசோதனைக் கிட் ஆறு மாதமாக அலமாரியில் இருக்கிறது. எடுக்கவே கூச்சமாக இருக்கிறது.

மிஸ்ஸி: முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள், கடந்திருந்தால் புதுசு வாங்குங்கள். 50 வயசுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சங்கம் இலவசமாகத்தான் தருகிறது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைப் பார்க்கிற சோதனை இது, வருஷத்துக்கு ஒரு தடவை. டாய்லெட் தண்ணீரில் விழாமல் காகிதம் விரித்துக்கொள்ளுங்கள். குச்சியால் மேலே நாலைந்து இடம் சுரண்டினால் போதும், அள்ள வேண்டாம். இரண்டு குப்பி, இரண்டு வேறு வேறு நாள். ரத்தம் இருக்கிறது என்று வந்தாலும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். குப்பியில் எடுத்த தேதியை எழுதி அனுப்புங்கள், நிறையப் பேர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.