பதில்: பார்க்க வருகிறார்கள், யாரும் தொடங்குவதில்லை

வணக்கம். தோட்டத்தில் நீங்கள் ஓட்டும் மாதிரி ரயிலை நாற்பது பேர் பார்த்தும் ஒருவர்கூட இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கவில்லை என்றீர்கள். பாலம், குகை, குளம் என்று உங்கள் அழகான வேலைதான் அவர்களை மிரட்டுகிறது, தப்பாக நினைக்காதீர்கள்!

அடுத்த முறை ஓரமாகப் புல்தரையில் ஒரு சின்ன வட்டம் போடுங்கள். எல்ஜிபி என்ற தோட்ட ரயில் பிராண்டின் ஆர்1 என்னும் சின்ன வளைவுத் தண்டவாளம் 12 துண்டு போதும். குறுக்களவு சுமார் 4 அடிதான். பேட்டரியில் ஓடும் ரேடியோ கன்ட்ரோல் எஞ்சின் என்றால் தண்டவாளம் வழியே மின்சாரம் தேவையில்லை; அதனால் வயரிங் இல்லை, தண்டவாளம் துடைக்கும் தொல்லையும் இல்லை. கன்ட்ரோலரைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். (இதுதான் கஷ்டம், எனக்கும்.)

நம்மூர்க்காரர் வந்தால் ஊட்டி ரயிலைச் சொல்லுங்கள்: நம் தண்டவாளத்தின் 45 மி.மீ. அகலத்தை 22.5 மடங்கு பெரிதாக்கினால் (1:22.5 அளவு) சுமார் ஒரு மீட்டர், அதாவது ஊட்டி ரயில் ஓடும் மீட்டர்கேஜ் பாதைதானே. பழைய செட் ஒன்றை இரவல் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.