மார்பில் பால்கட்டு, காய்ச்சல், ஆன்டிபயாடிக்: பால் கொடுக்கலாமா?

கேள்வி இது: குழந்தைக்கு ஆறு வாரம். ஒரு மார்பு சிவந்து வீங்கிக் காய்ச்சல். டாக்டர் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 எழுதியிருக்கிறார். மாத்திரை முடியும்வரை பால் கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார்.

தாராளமாகக் கொடுங்கள், சிவந்த மார்பிலும் சேர்த்தே. திடீரென்று நிறுத்தினால் பால் தேங்கி வீக்கம் கூடும். சீழ் கட்டிவிட்டால் ஊசி வைத்து எடுக்க வேண்டிவரும்.

பாலில் மருந்து போகத்தான் செய்யும். எவ்வளவு என்பதுதான் கணக்கு. தாய் 1 கிராம் அமாக்சிசிலின் சாப்பிட்டால், உச்ச நேரத்தில்கூட ஒரு லிட்டர் பாலில் சுமார் 1 மி.கி.தான் இருக்கும். 4 கிலோ குழந்தை நாளுக்கு 600 மி.லி. குடித்தால் உள்ளே போவது 1 மி.கி.க்கும் குறைவு. அதே குழந்தைக்குக் கிருமித்தொற்று வந்தால் டாக்டரே நாளுக்கு 100 மி.கி.க்கு மேல் நேரடியாகக் கொடுப்பார். செஃபலெக்சின், க்ளாக்சாசிலின் மாத்திரைகளும் இதே ரகம்.

மாத்திரையைப் பால் கொடுத்து முடித்ததும் போட்டுக்கொள்ளலாம். நேரம் பார்த்துக் குழந்தையை அழவிட வேண்டியதில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வலிக்கு பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டும் சரி. பால் கொடுத்த பிறகு துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். கட்டியை அழுத்திப் பிசைவது வேண்டாம், உள்ளே வீக்கம்தான் கூடும். 'எல்லாவற்றையும் காலி செய்கிறேன்' என்று பம்ப் வைத்து உறிஞ்சினால் சுரப்பு இன்னும் ஏறும். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள். சீழ் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இப்படி அல்ல. பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தை, குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை, ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறை) என்றால் கோ-ட்ரைமாக்சசோல், நைட்ரோஃபுரான்டாயின் இரண்டையும் தவிர்ப்பார்கள். முதல் சில வாரங்களில் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் சாப்பிடும் தாய், குழந்தை பீய்ச்சியடிப்பதுபோல் வாந்தி எடுக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இரைப்பை குடலோடு சேரும் வாய் தடித்து அடைபடும் வாய்ப்பு அரிதாக உண்டு. டாக்சிசைக்ளின் மூன்று வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் பரவாயில்லை. மெட்ரோனிடசோல் பாலில் கணிசமாகக் கலக்கும், பால் கசந்து சில குழந்தைகள் முகம் திருப்பும். வழக்கமான 400 மி.கி. அளவில் பால் கொடுக்கலாம். ஒரேயடியாக 2 கிராம் சாப்பிட்டால் 12 முதல் 24 மணி நேரம் தள்ளிக் கொடுக்கச் சொல்வதுண்டு. வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே எடுத்து நீட்டும் ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் கலவை மாத்திரையை வாங்காதீர்கள். சாதாரணப் பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும்.

குழந்தைக்கு மலம் இரண்டொரு நாள் இளகலாம், அது போகட்டும். நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவு, டயபர் இடத்தில் சிவந்த புண் வந்தால் பூஞ்சை; குழந்தைக்கு மருந்து போடும்போது உங்கள் முலைக்காம்புக்கும் சேர்த்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றும். உடம்பில் தடிப்பு, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.