மண்டபத்தில் மீட்டிங் வைக்க எவ்வளவு பேண்ட்வித் வேண்டும்?

பேண்ட்வித் என்பது ஒரு நொடியில் இன்டர்நெட் லைனில் எவ்வளவு டேட்டா போக முடியும் என்கிற அளவு, அவ்வளவுதான். ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் நூறு பேர் கூடினால் நூறு போனும் அதே லைனைத்தான் பங்கு போடும். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் பைக்கும் நகராதே, அதே கதை. அதனால் வந்தவர்களை எண்ணாமல், ஒரே நேரத்தில் வீடியோ ஓட்டப்போவது எத்தனை பேர் என்று பாருங்கள். தெளிவான வீடியோ காலுக்கு ஆளுக்கு 3, 4 எம்பிபிஎஸ் (Mbps, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற அளவு) போகும், 20 பேர் என்றால் 80, அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பு. மேடையிலிருந்து நேரலை என்றால் அப்லோடு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள் (மண்டபக்காரர் சொல்லும் 100 பெரும்பாலும் டவுன்லோடுதான்), நேரலை ஓட்டும் லேப்டாப்புக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள். அப்புறம், காலி மண்டபத்தில் ஸ்பீட் டெஸ்ட் 100 காட்டினால் ஆளுக்கு 100 என்று அர்த்தமில்லை, அது உங்கள் ஒரு போனுக்கு மட்டும் கிடைத்தது.