மூன்று வயதுக் கைக்கு என்ன அவசரம்?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது நான்கு மாதம். இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். "எழுத்து வரவே இல்லை, வீட்டில் உட்கார வைத்துப் பழக்குங்கள்" என்று மிஸ் அடிக்கடி டைரியில் எழுதி அனுப்புகிறார். எதிர்வீட்டுப் பையனுக்கும் இதே வயதுதான், தன் பெயரையே எழுதுகிறான். இவன் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வாளித் தண்ணீரில் விளையாடப் போய்விடுகிறான். இல்லையென்றால் சமையலறையில் டப்பாக்களை உருட்டுகிறான். செல்போன் இல்லாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டான். நானும் கணவரும் வேலைக்குப் போய்த் திரும்ப ஏழு மணி ஆகிவிடும். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். டியூஷன் வைக்கலாமா? மூளை வளர்ச்சிக்கு என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தப் பொம்மை செட்டை வாங்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: டியூஷன் வேண்டாம் அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் எழுத வரவில்லை என்பது குறை அல்ல, அந்த வயதின் இயல்பு. நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கும் வாளியும் டப்பாக்களும்தான் அவனை எழுத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கின்றன.

பெரியவர்களின் மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். தசைகளை ஆளும் திறனும் தோளில் ஆரம்பித்து, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கிக் கடைசியில்தான் விரல் நுனிக்கு வருகிறது. சின்னக் குழந்தை கிறுக்கும்போது கை முழுவதும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். வரைவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு வயதையொட்டி ஒரு கோடு இழுக்க வரும். மூன்று வயதில் வட்டம், நான்கு வயதில் கூட்டல் குறி, அப்புறம் சதுரம், ஐந்து வயதையொட்டி முக்கோணம். ஒரு சில மாதங்கள் முன்னே பின்னே இருக்கலாம். சாய்ந்த கோடு கடைசியில்தான் பிடிபடும். ஆங்கிலத்தின் முதல் எழுத்தே இரண்டு சாய்ந்த கோடுகள். நம் 'அ'வில் சுழி, வளைவு, கோடு எல்லாம் இருக்கின்றன. வட்டம் போடவே இப்போதுதான் பழகும் கையிடம் இதையெல்லாம் கேட்பது நியாயமே இல்லை. எதிர்வீட்டுப் பையனுக்குச் சீக்கிரம் வந்திருக்கிறது, சந்தோஷம். அதை அளவாக வைத்து உங்கள் பிள்ளையை அளக்காதீர்கள், அவன் காதுபட அந்தப் பேச்சை எடுக்கவும் வேண்டாம்.

சரி, எழுத்து வர என்னதான் செய்வது? கோலப்பொடியை எடுக்கும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேருகின்றன அல்லவா? பென்சிலைப் பிடிக்கப் போவதும் இதே மூன்று விரல்கள்தான். காலையில் உங்கள் மாமியார் வாசலில் கோலம் போடும்போது ஓரமாக அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். புள்ளி வைக்கட்டும், கோணல்மாணலாக இழுக்கட்டும், கையாலேயே அழிக்கட்டும். அரிசி மாவாக இருந்தால் வாயில் வைத்தாலும் பயமில்லை. சப்பாத்திக்குப் பிசையும்போது ஓர் உருண்டை மாவை அவனிடம் கொடுங்கள். பச்சைப் பட்டாணி உரிக்க, அவரைக்காயை ஒடிக்க, காயப்போட்ட துணிக்குக் கிளிப் மாட்ட, ஈரத்துணியைப் பிழிய விடுங்கள். பழைய பெயின்ட் பிரஷும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொடுத்து, 'மொட்டைமாடிச் சுவருக்கு வெள்ளையடிடா' என்று சொல்லிப் பாருங்கள். கையை உயர்த்தி நின்றபடி சுவரில் இழுக்கும்போது தோளும் மணிக்கட்டும் உறுதிப்படும். அந்த அரைமணி நேரம் நான்கு பக்கம் காப்பி எழுதுவதைவிட அவனுக்கு மேலானது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரே எச்சரிக்கை: தண்ணீர் வாளியோடு அவனைத் தனியாக விடாதீர்கள், கொஞ்சம் தண்ணீர்கூட ஆபத்துதான். புளியங்கொட்டை, சோழி, பட்டன் பேட்டரி போன்றவை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போகக்கூடிய சாமான்கள் அவை.

இன்னொன்று, பேச்சு. டப்பாக்களை அடுக்கும்போது பெரும்பாலான பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இது என்ன கலர்? எத்தனை இருக்கு?' என்று பரீட்சை வைக்கிறார்கள். விளையாட்டு அங்கேயே செத்துப்போகும். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுங்கள். 'அட, பெரிய டப்பாக்குள்ள சின்னது போயிடுச்சே! மூடி மாட்ட மாட்டேங்குதே, வேற மூடி பார்ப்போமா?' அவ்வளவு போதும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அதோடு இரண்டு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். இப்படி மாறி மாறி நடக்கும் பேச்சில்தான் மொழி வளர்கிறது. அவன் கண்டக்டராக இருந்து உங்களுக்கு டிக்கெட் கொடுக்கட்டும், நீங்கள் சில்லறை இல்லை என்று சண்டை போடுங்கள். தன் முறைக்குக் காத்திருப்பதும், எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று யோசிப்பதும் இப்படிப்பட்ட பாவனை விளையாட்டுகளில்தான் பழக்கமாகின்றன.

ஏழு மணிக்கு மேல்தான் நேரம் என்கிறீர்கள். அதைக் குற்றவுணர்ச்சியோடு சொல்ல வேண்டியதில்லை. வந்ததும் இருபது நிமிடம், செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவன் கூப்பிடும் விளையாட்டுக்குப் போங்கள். ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் உங்கள் கணவர். அவன் குளிக்கும் நேரமும் படுக்கையில் கதை கேட்கும் நேரமும் இதே கணக்கில்தான் சேரும். பகலில் உங்கள் மாமியார் சொல்லும் நரிக் கதை, காக்காக் கதை எல்லாம் பெரிய சொத்து. அதை அவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவருக்கும் உற்சாகம் வரும்.

செல்போன் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று, நான்கு வயதுக்கு ஓடியாடும் நேரம் 3 மணி, தூக்கம் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி என்றும் அது சொல்கிறது. சாப்பிடும்போது போன் பார்க்கும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. ஆகவே இரவுச் சாப்பாட்டில் தொடங்குங்கள். எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், யார் கையிலும் போன் வேண்டாம், டி.வி.யும் வேண்டாம். அவன் தட்டில் கொஞ்சமாக வைத்து, அவன் கையாலேயே பிசைந்து சாப்பிட விடுங்கள். பாதி கீழேதான் சிந்தும், பரவாயில்லை, சோற்றைப் பிசைவதும் உருட்டுவதும்கூட விரலுக்கு வேலைதான். முதல் சில நாள் அழுவான், கொஞ்சமாகத்தான் சாப்பிடுவான். அப்போது வீட்டில் ஒருவர் மனம் இளகிப் போனைக் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண். அதனால் மாமியாரையும் கணவரையும் வைத்துப் பேசி முடிவெடுத்த பிறகு ஆரம்பியுங்கள்.

பொம்மை செட் தேவையில்லை. ஏதாவது வாங்கித் தரத் தோன்றினால் ஒரு பந்து, மரக்கட்டைகள், சொப்புச் சாமான், தடிமனான கிரேயான் போதும். பொத்தானை அமுக்கினால் தானே பாடும் பொம்மையிடம் குழந்தை செய்வதற்கு வேலை எதுவும் இல்லை.

மிஸ்ஸிடம் நேரில் போய்ப் பேசுங்கள், சண்டையாக வேண்டாம். மேலிடத்திலிருந்தும் மற்ற பெற்றோரிடமிருந்தும் அவருக்கும் நெருக்கடி இருக்கும். 'இந்த வருடம் எழுத்து வேண்டாம், கிறுக்கலும் வண்ணமும் போதும், நாங்கள் குறை சொல்ல மாட்டோம்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம் அரசு அங்கன்வாடிகளிலேயே முன்பருவக் கல்வி பாட்டு, கதை, விளையாட்டு என்றுதான் வகுக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசாதது, பாவனை விளையாட்டில் துளியும் நாட்டமில்லாதது, முன்பு சொன்ன வார்த்தைகளை இப்போது சொல்லாமல் விட்டது – இதில் எது இருந்தாலும் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள், செவித்திறன் பரிசோதனையும் கேளுங்கள். அரசுத் தரப்பில் இதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன, அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் அவன் பேச்சைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, இந்த வாரம் அதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.