நூறு வெள்ளி ரீல் போதுமா? ஃபிளை தூண்டில் கேள்வி பதில்

போன வாரம் ஈயக்குட்டையில் (ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்த குளம்) ஃபிளை போட்டுப் பிடித்த திலாப்பியா படத்தைப் பகிர்ந்ததிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் எங்கள் வாயில் இன்னும் பெர்ஜுந்தைதான். செம்பனைத் தோட்டத்தைத் தாண்டினால் பழைய ஈயக்குட்டைகள். பதினைந்து வருடமாக அங்கேதான் வீசுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பீடோர் தம்பி: ஆன்லைனில் நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு ஃபிளை ரீல் வாங்கினேன். கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். திலாப்பியா, லம்பாம் பிடிக்க இது போதுமா அண்ணே?

தாராளமாகப் போதும் தம்பி. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை என்பது கொக்கியில் சுற்றிய இறகும் நூலும். அதற்குக் கனமே இல்லை. அதனால் லைனுக்குக் கனம் வைத்திருக்கிறார்கள். 5-ம் நம்பர் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம். நீ வீசுவது அந்த 9 கிராமைத்தான். வீசும்போது ரீலுக்கு வேலையே கிடையாது.

உள்ளங்கை அகல மீன் மாட்டினாலும் ரீலைச் சுற்ற மாட்டோம். கம்பு பிடித்த கையின் விரலில் லைனை அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் இழுத்து இழுத்து எடுப்போம். வெளிநாட்டு வீடியோக்களில் புளூகில், சின்ன பாஸ் பிடிப்பவர்களும் இப்படித்தான் எடுக்கிறார்கள். இந்த அளவு மீனுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி.

அதற்காக எந்தக் குப்பையையும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. ஸ்பூலை, அதாவது லைன் சுற்றும் உருளையை, பிடித்து ஆட்டிப் பார். அதற்கும் வெளிச் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். என் முதல் பிளாஸ்டிக் ரீலில், நல்ல மீன் ஒன்று இழுக்கும்போது லைன் அந்தச் சந்துக்குள் நுழைந்து இறுகிவிட்டது. நகத்தால் நோண்டி எடுப்பதற்குள் மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

ஸ்பூலைக் கழற்றி உள்ளேயும் பார். மலிவு ரீலில் சின்ன முக்கோணப் பல் ஒன்று இருக்கும், பின்னால் ஒரு ஸ்பிரிங். ஸ்பூலின் பற்சக்கரத்தில் அது உரசுவதால்தான் 'கிர்ர்ர்' சத்தம். மீனை நிறுத்துவது அதன் வேலை இல்லை. நீ வெடுக்கென்று லைனை உருவும்போது ஸ்பூல் தாறுமாறாகச் சுற்றிச் சிக்கு விழாமல் தடுக்கும். அந்த ஸ்பிரிங் அழுத்தமாக இருந்தால் போதும். மிச்சப்பட்ட காசை நல்ல லைனில் போடு. மட்டமான லைனை எவ்வளவு விலை உயர்ந்த ரீலாலும் காப்பாற்ற முடியாது.

தெலுக் இந்தான் தங்கச்சி: லைனுக்கு அடியில் சுற்றும் பேக்கிங் நூல் கட்டாயமா? திலாப்பியா அவ்வளவு தூரம் ஓடாதே.

ஓடாது. ஆனாலும் சுற்றம்மா. ஃபிளை லைன் ஏறக்குறைய 27 மீட்டர்தான். வெறும் ஸ்பூலில் சுற்றினால் நடுத்தண்டை ஒட்டிச் சின்னச் சின்ன வளையமாக விழும். வீசும்போது ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வரும். பேக்கிங் தண்டைப் பருமனாக்குகிறது. 20 பவுண்டு டேக்ரான் நூல் போதும். மீதமிருக்கும் தங்கூசியைச் சுற்றாதே. இறுக்கிச் சுற்றிய நைலான் ஸ்பூலை நெரித்துப் பிளந்துவிடும். நிரம்பியபின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டராவது காலியாக இருக்கட்டும்.

ரவாங் வாசகர்: வாங்கி மூன்று மாதம்தான், லைன் பிசுபிசுத்து வெடிக்கிறது. போலி லைனா?

கையில் கொசு மருந்து தடவினீர்களா? அதில் இருக்கும் டீட் என்ற பொருள் லைனின் பிளாஸ்டிக் மேல்பூச்சைக் கரைக்கும். நம் குட்டையோரக் கொசுவுக்கு மருந்து இல்லாமல் நிற்க முடியாதுதான். புறங்கையால் தடவுங்கள், அல்லது வீட்டிலேயே தடவிவிட்டு உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

கூலிம் தம்பி: எந்த பிராண்டு ரீல் நல்லது?

ஸ்பூலை ஆட்டிப் பார்த்து வாங்கு.

காஜாங் தம்பி: இதே ரீலில் பீகாக் பாஸ், தோமான் பிடிக்கலாமா?

பீகாக் பாஸ் பிடிக்கலாம். பெயரில்தான் பாஸ், உண்மையில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிக்லிட், திலாப்பியாவுக்குச் சொந்தம். முதல் பாய்ச்சல் முரட்டுத்தனமாக இருக்கும். 6 அல்லது 7-ம் நம்பர் கம்பு எடு. ஸ்பூலின் விளிம்பு வெளியே தெரியும் ரீலாக இருந்தால் உள்ளங்கையை அதில் மெல்ல அணைத்தே வேகத்தைக் குறைக்கலாம். தோமான் பெரிய விரால் வகை, அதற்கு இந்த ரீல் வேண்டாம். நான் தோமான் ஆள் இல்லை. அதைத் தொழிலாகச் செய்யும் படகோட்டிகளைக் கேள்.

சுங்கை சிப்புட் ஐயா: எங்கள் அப்பா பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மூங்கில் கம்பில் தங்கூசி கட்டி வாளி நிறைய மீன் பிடித்தார். ரீல் எதற்கப்பா?

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். தோட்டத்துப் பாரிட்டில் (வாய்க்காலில்), நாலு மீட்டருக்குள், புயூவுக்கும் செப்பாட்டுக்கும் மூங்கிலை மிஞ்ச ஒன்றுமில்லை. ஜப்பானியர் மலை ஓடைகளில் ரீலே இல்லாமல் கம்பு நுனியில் லைன் கட்டி ஃபிளை போடுகிறார்கள். அதற்குத் தென்காரா என்று பெயர். அப்பா செய்ததும் அதற்குப் பக்கத்து வீடுதான்.

குவாலா சிலாங்கூர் அண்ணன் (இடையில்): அப்படியென்றால் ஐயா சொல்வதுதானே சரி? ரீல் வீண் செலவு!

பாரிட்டில் சரி. ஈயக்குட்டையில் சரியில்லை. அங்கே கரை மணல், காலடியில் சரியும். ஓரத்திலிருந்து இரண்டு எட்டில் ஆளை முழுக்கும் ஆழம். தண்ணீரில் இறங்கவே கூடாது. தள்ளி நின்று 12 மீட்டர் வீச வேண்டும். அந்த லைனை எங்கே வைப்பது?

சுங்கை சிப்புட் ஐயா: காலடியில் சுருட்டிப் போட்டால் ஆகாதா?

செய்து பார்த்திருக்கிறேன் ஐயா. முதல் வீச்சிலேயே தொட்டாச்சிணுங்கி முள்ளில் மாட்டியது. மூங்கிலுக்கு என் மரியாதை குறையவில்லை. லயத்துப் பின்னால் நானும் அதில்தான் கற்றேன்.

பூச்சோங் தம்பி: நூறு வெள்ளி ரீல் போதுமா?

முதல் கேள்வியைப் படி.

கிள்ளான் வாசகர்: மலிவு ரீல் வாங்கலாமா? வலது கையால் சுற்றுவதா, இடது கையாலா?

முதல் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. கை உங்கள் வசதி. மாற்ற, நான் சொன்ன அந்த முக்கோணப் பல்லைத் திருப்பிப் போட வேண்டும். பல ரீல்களில் முடியும். லைனைத் தொடுமுன் கொசு மருந்துக் கையைக் கழுவுங்கள்.

பந்திங் தங்கச்சி: எட்டு வயது மகளைக் கூட்டிப் போகலாமா அண்ணே?

கட்டாயம் கூட்டிப் போ. குட்டை வேண்டாம், கரை கட்டிய மீன் குளமாகப் பார். கண்ணாடி போட்டுவிடு, தொப்பி வை. கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடு. சட்டையில் மாட்டினாலும் சுலபமாக வரும். இடி கேட்டால் உடனே கம்பைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போங்கள். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். ரொட்டித் துண்டு போட்டுப் பழகிய குளமென்றால் அதே அளவில் வெள்ளை ஃபிளை கட்டு. ஆறு மீட்டர் லைனை நீயே உருவிக் கொடு. திலாப்பியா இழுக்கும்போது ரீல் 'கிர்ர்' என்று கத்தட்டும், கையை வைக்காதே. பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்.