ஆறாவது புத்தகத்தோடு ஓஸ் நாடு மறைந்துவிட்டதா?

கேள்வி: என் பத்து வயது மகள் ஓஸ் என்ற கற்பனை நாட்டின் கதைகளை ஆங்கிலத்தில் வரிசையாகப் படிக்கிறாள். ஆறாவது நூலான ‘தி எமரால்டு சிட்டி ஆஃப் ஓஸ்’ முடிவில், இனி அந்த நாட்டிலிருந்து எந்தச் சேதியும் வராது என்று இருப்பதைப் படித்துவிட்டு அழுதுவிட்டாள். ஆனால் ஏழாவது நூல் இருக்கிறதே! ஆசிரியர் பொய் சொன்னாரா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வது?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: பொய் இல்லை அம்மா. 1910இல் அந்த நூலை எழுதியபோது எல். ஃபிராங்க் பாம் உண்மையாகவே விடைபெற நினைத்தார். வேறு கதைகள் எவ்வளவோ தம்மிடம் இருந்தும் பிள்ளைகள் ஓஸ் கதையைத்தான் கேட்கிறார்கள் என்று 1908ஆம் ஆண்டு நூலின் முன்னுரையிலேயே அவர் எழுதியிருந்தார். கதையில், ஆகாயக் கப்பல்களில் வெளியுலக மனிதர்கள் வந்து இறங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தால், சூனியக்காரி கிளிண்டா மந்திரம் போட்டு நாட்டையே வெளியுலகின் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறாள். நாரையின் சிறகிலிருந்து எடுத்த அகன்ற வெள்ளை இறகு ஒன்றில் கதைநாயகியான சிறுமி டோரத்தி எழுதி அனுப்பும் சிறு குறிப்புதான் கடைசிச் சேதி. உங்கள் மகள் அழுதது அந்த இறகைப் படித்துத்தான் என்று நினைக்கிறேன். அழ வேண்டிய இடம்தான் அது.

என் கணிப்பில் தொடரின் மிகச் சிறந்த முடிவும் இதுவே. ஓஸைச் சூழ்ந்த பாலைவனத்தின் அடியில் சுரங்கம் தோண்டிப் பெரும்படை வருகிறது என்று தெரிந்தும், எவ்வளவு தீயவராக இருந்தாலும் எந்த உயிரையும் அழிக்கத் தனக்கு உரிமையில்லை என்று சொல்லி, அரசி ஓஸ்மா போரிட மறுக்கிறாள். சுரங்கம் முழுவதும் புழுதி நிரம்பும்படி மந்திரக் கச்சையிடம் அவள் வேண்டிக்கொள்ள, தொண்டை வறண்டு வெளியே வரும் பகைவர்கள் எதிரே உள்ள மறதி நீரூற்றில் குடித்து, எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். ஒரு துளி இரத்தம்கூடச் சிந்தாமல் போர் முடிந்துவிடுகிறது.

பிறகு ஏன் திரும்பினார்? பிள்ளைகளின் கடிதங்கள் நிற்கவில்லை. அவர் எழுதிய வேறு கற்பனைக் கதைகள் ஓஸ் நூல்கள் அளவுக்கு விற்கவில்லை. 1911இல் அவர் திவாலாகவும் நேர்ந்தது. இதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை. 1913இல் வந்த ஏழாவது நூலான ‘தி பேட்ச்வொர்க் கேர்ள் ஆஃப் ஓஸ்’ முன்னுரையில், கம்பியில்லாத் தந்தி வழியாக டோரத்தியிடம் பேசலாமே என்று ஒரு குழந்தை யோசனை சொன்னதாகவும், உடனே தாம் கொல்லைப்புறத்தில் உயரமான கோபுரம் எழுப்பி, தந்தி முறையைக் கற்று, “ஓஸ் இளவரசி டோரத்தி” என்று வானத்தை நோக்கி அழைத்ததாகவும் எழுதுகிறார். மூடிய கதவை உடைக்காமல், வாசகக் குழந்தையின் கையில் சாவியைக் கொடுத்துத் திறக்கச் செய்திருக்கிறார்.

பாம் எழுதிய ஓஸ் நூல்கள் மொத்தம் 14. கடைசி நூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1920இல் வெளிவந்தது. ஏழாவதை உங்கள் மகளிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். சில நாள் போகட்டும். அன்றைய பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள்.